மலாயக் காட்டுப் பால் கிளிநொச்சிக் கடவாய்ப்பல்லுக்கு வந்த வழி

பல் சிகிச்சை அறையின் இழுப்பறைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். உள்ளே ஆறு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் செம்மஞ்சள் கலந்த ரோசா நிறத்தில் மெல்லிய குச்சிகள், ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் நீளம். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தென்னை ஈர்க்கின் நுனி மாதிரிக் கூர்ந்திருக்கும். தலையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று அடையாள நிறம். சிவப்பு என்றால் 25ஆம் இலக்கம். நுனியின் விட்டம் கால் மில்லிமீற்றர். டொக்டர்மார் இதை ஜீ.பி. என்பார்கள். முழுப்பெயர் கட்டாபெர்ச்சா.

சனம் "நரம்பெடுத்து அடைக்கிறது" என்று சொல்லும் பல்வேர்ச் சிகிச்சையின் முடிவில் பல்லுக்குள் போய்க் குடியிருப்பது இந்தக் குச்சிதான். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வாசலில் வாங்கிய கச்சானை நம்பிக்கையோடு கடவாயில் போட்டுக் கடிப்பவர்களில் எத்தனையோ பேரின் பல்வேருக்குள் இது இருக்கிறது. ஒரு மழைக்காட்டு மரத்தின் பால் தங்கள் தாடைக்குள் உறைந்து கிடக்கிறதென்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரியவேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பால் இவ்வளவு தூரம் வந்த பாடு தெரிந்தால், "புடுங்கி எறியுங்கோ" என்று சொல்லுமுன் ஒருவராவது ஒரு கணம் யோசிப்பார்.

சுமாத்திரா, போர்னியோ, மலாயக் குடாநாடு ஆகிய இடங்களின் காடுகளில் வளரும் பலாக்குவியம் கட்டா என்ற மரம்தான் இதன் தாய். இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் செப்பு நிறம். வன்னியில் பிறந்தவர்களுக்கு இதன் உறவுக்காரரை நன்றாகத் தெரியும். காட்டில் இறுகி நிமிர்ந்து நிற்கும் பாலை, கோயில் வீதியில் நிழல் தரும் இலுப்பை, வளவில் காய்க்கும் சப்போட்டா எல்லாம் இதே குடும்பம். பாலைப்பழக் காலத்தில் வன்னி வீதியோரங்களில் மஞ்சள் மஞ்சளாகக் குவித்து விற்பார்கள். தின்றவர்களின் உதடு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்பும் பல்லுக்குள் போகும் பாலும் ஒரே குடும்பத்துச் சொத்து. தென்னமெரிக்காவில் பாலைக்கு மிக நெருங்கிய ஓரினம் தரும் பலாட்டா என்ற பால், வேதியியலில் கட்டாபெர்ச்சாவேதான்.

இறப்பர்ப் பாலும் இதுவும் ஒரே கட்டுமானக் கற்களால் ஆனவை. கார்பன் ஐந்து, ஐதரசன் எட்டு என்ற அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் வேறுபாடு. இறப்பரில் எல்லாத் திருப்பமும் ஒரே பக்கம். அதனால் சங்கிலி சுருண்டு கிடக்கிறது, இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கட்டாபெர்ச்சாவில் திருப்பங்கள் மாறி மாறி வருவதால் சங்கிலிகள் நேராக அடுக்கி இறுகிக் கிடக்கின்றன. சாதாரண வெப்பத்தில் அது கெட்டி. சுடுநீரில் போட்டால் குழைந்து சொன்ன உருவத்துக்கு வரும். ஆறியதும் அந்த உருவத்திலேயே நிற்கும்.

மலாய்க் காட்டுச் சனத்துக்கு இது எப்போதோ தெரிந்த விடயம். பராங் என்ற வெட்டுக்கத்திக்கு அதில் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் வேலைபார்த்த வில்லியம் மொன்ற்கொமரி என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் அந்தப் பிடியைக் கண்டு, 1843இல் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கு உதவும் என்பது அவர் எண்ணம். அப்போதே வைத்தியத்துக்கென்று புறப்பட்ட பொருள்தான். ஆனால் இலண்டனில் அதை வேறொரு தேவை பிடித்துக்கொண்டது.

தந்திக் கம்பியைக் கடலுக்கடியில் போட உலகமே துடித்த காலம். செப்புக் கம்பியைக் கடல்நீர் தொடாமல் எதனால் மூடுவது? தாரும் சணலும் பயன்படவில்லை. கட்டாபெர்ச்சா பயன்பட்டது. வெர்னர் சீமென்ஸ் 1847இல் கம்பியின்மேல் அதை ஒட்டில்லாமல் அழுத்திப் பூசும் இயந்திரத்தை உருவாக்கினார். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையில் நிலைத்து நின்ற கேபிள், 1866இல் அத்திலாந்திக் கேபிள். அத்திலாந்திக் கேபிளில் ஒரு கடல்மைலுக்கு 400 இறாத்தல் கட்டாபெர்ச்சா போனது. 1858இல் மன்னார்ப் பக்கத்தில் இந்தியாவையும் இலங்கையையும் தொடுத்த தந்திக் கேபிளும் அதே குடும்பத்துப் பிள்ளை. 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கேபிள் போனது. மலாயாவுக்கு இலிகிதராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் போன யாழ்ப்பாணத்தாரின் வீடுகளுக்கு அவசரத் தந்தி வந்த காலம் முழுவதும், அந்தச் சேதி இந்தப் பாலின் உறைக்குள்ளால்தான் கடல் கடந்தது.

அதற்குக் காடு கொடுத்த விலை பெரிது. இறப்பர் மரத்தைக் கீறினால் பால் வடிந்துகொண்டேயிருக்கும், மரமும் வாழும். இந்த மரத்தின் பால் காற்றுப் பட்டதும் கட்டியாகிவிடும், ஓடாது. ஆகவே மரத்தையே வீழ்த்தி, அடிமரம் நெடுக வளையம் வளையமாக வெட்டிச் சுரண்டினார்கள். அப்படியும் பாலின் பெரும்பகுதி பட்டைக்குள்ளும் இலைக்குள்ளும் மிஞ்சிக் காட்டில் அழுகியது. 1845 தொடக்கம் 1847 நடுப்பகுதி வரை சிங்கப்பூரூடாகப் போன ஏற்றுமதிக்கு மட்டும் ஏறத்தாழ 69,000 மரங்கள் விழுந்திருக்கும் என்று ஒக்ஸ்லி என்ற மருத்துவர் கணக்கிட்டார். ஒரு மரம் தரும் பாலை அவர் மிகக் கூட்டி மதித்துவிட்டார் என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். அப்படியானால் விழுந்த மரங்கள் அதைவிடப் பலமடங்கு. சிங்கப்பூர்த் தீவில் சில ஆண்டுகளிலேயே முற்றிய மரம் காண்பது அரிதாயிற்று. கோடரி மலாயாவின் உட்காடுகளுக்கும் சுமாத்திராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. இழப்பை உணர்ந்த டச்சுக்காரர்கள் 1885இல் மேற்கு யாவாவின் சிப்பெத்தீரில் தோட்டம் வைத்து, பிறகு மரத்தை வெட்டாமல் இலையை அரைத்துப் பால் எடுக்கப் பழகினார்கள். அங்கே வார்த்த கட்டிகள் ஊரின் பெயர் பொறித்தபடி, நூறாண்டு கடலில் கிடந்தும் எழுத்து அழியாமல், இன்றும் ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்குகின்றன.

அழியாமல் கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிச்சமும் காற்றும்தான் கட்டாபெர்ச்சாவுக்கு எதிரி. வெளியில் கிடந்தால் ஒட்சிசன் ஏறி நொறுங்கிப்போகும். இருட்டும் ஈரமும் மூடிய இடமும் கிடைத்தால் பல பத்தாண்டு அப்படியே இருக்கும். கடலின் அடி அப்படிப்பட்ட இடம். மனிதப் பல்லின் வேரும் அப்படிப்பட்ட இடமே.

பல் வைத்தியர்கள் இதை முதலில் தற்காலிக அடைப்புக்குத்தான் எடுத்தார்கள். 1840களின் கடைசியிலேயே இலண்டனிலும் அமெரிக்காவிலும் அது தொடங்கிவிட்டது. 1867இல் சென் லூயிஸ் நகரத்தின் பௌமன் என்பவர் அதைப் பல்வேரின் குழாய்க்குள் கொண்டுபோனார். 1887இல் எஸ். எஸ். வைற் நிறுவனம் ஆயத்தக் குச்சிகளாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1899இல் எட்மண்ட் கெல்ஸ் வேரின் நீளத்தை எக்ஸ்ரேயில் பார்த்தார். அதன் பிறகே, குச்சி வேரின் நுனிவரை போயிற்றா என்பதை ஊகத்தால் அல்லாமல் கண்ணால் அறிய முடிந்தது. 1933இல் பொலித்தீன் பிறந்தது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கேபிள் வேலை முழுவதும் அதன் கைக்குப் போய்விட்டது. கேபிள் கைவிட்டது, ஒரு காலத்தில் இதாலேயே செய்த கோல்ஃப் பந்தும் அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. பல்வேர் மட்டும் கைவிடவில்லை. எத்தனையோ புதுப் பிசின்கள் வந்து பார்த்தன. குழையவும் இறுகவும், உடம்பைச் சீண்டாமல் இருக்கவும், தேவைப்பட்டால் கரைத்துத் திரும்ப எடுக்கவும் இடம்தரும் பொருள் இதுபோல வேறொன்று எளிதில் அமையவில்லை.

இன்றைய குச்சியில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட நாகத்தின் ஒட்சைட்டு, மிச்சம் மெழுகும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்கான பேரியம் உப்பும். ஒரு குச்சியில் காட்டுப் பால் சில மில்லிகிராம் மட்டுமே. இயந்திரம் செய்வதைவிடக் கையால் உருட்டியதே நேர்த்தி என்று பேர்பெற்ற குச்சிகள் இன்னும் உண்டு. கொரியாவிலும் வேறு நாடுகளிலும் தொழிற்சாலை மேசைகளில் பெண்கள் கண்ணாடித் தட்டின்மேல் விரல்நுனியால் உருட்டிக் கூராக்குகிறார்கள். இவ்வளவு பிறகே அது பெட்டிக்குள் அடங்கிக் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிறது.

கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏ-9 வழியாக 330 கிலோமீற்றர் சொச்சம். உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த பொருளுக்கு இது பெரிய தூரமா? ஒரு காலத்தில் அந்தக் கடைசித் தூரத்தைத்தான் அதனால் கடக்க முடியவில்லை.

1990க்குப் பின் வன்னிக்குள் எரிபொருள், சீமெந்து, பற்றரி என்று ஒரு நீண்ட பட்டியலுக்குத் தடை இருந்தது. மருந்தும் அனுமதியோடு, அளவோடு வந்தது. மின்சாரக் கம்பி வெறும் கம்பியாகத் தொங்கியது. சனம் ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தது. பல்வேர்ச் சிகிச்சைக்குச் சுழலும் துளைகருவி வேண்டும், அதற்குக் காற்றழுத்தம் வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், நோயாளி இரண்டு மூன்று முறை வந்துபோக வேண்டும். இதில் எதற்கு அன்று உத்தரவாதம்? 1996இல் நகரத்தில் சண்டை வந்தபோது சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று பெயர்ந்தது. ஆஸ்பத்திரியும் கூடவே பெயர்ந்தது. ஊசியும் குறடும் இருந்தால் பல் பிடுங்கலாம். காப்பாற்ற அவை போதாது. அதனால் கிளிநொச்சியில் ஒரு தலைமுறைக்குப் பல் வைத்தியம் என்றாலே பிடுங்குவது என்று ஆகிப்போனது. அது அவர்களின் அறியாமை என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேறு வழி தரப்படாதவர்கள் கிடைத்த ஒரே வழியைப் பழகிக்கொண்டார்கள்.

2002 சித்திரையில் ஏ-9 திறந்தது. 2006 ஆவணியில் மறுபடி மூடியது. 2008 கடைசியில் ஆஸ்பத்திரி இன்னொரு முறை கிழக்கே தருமபுரம் பக்கம் போனது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் பல்லைப் பற்றிப் பேச இடமே இல்லை. உப்புத்தண்ணியும் கிராம்பும் கிடைத்தால் ஒரு பனடோலும், அவ்வளவே. செட்டிகுளம் முகாம்களிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு முதலில் கூரை, கிணறு, மிதிவெடி அகற்றிய காணி. சூத்தைப்பல் கடைசிக் கவலை. 2013 புரட்டாதியில் யாழ்தேவி மறுபடி கிளிநொச்சி நிலையத்துக்கு வந்தது. மருந்துச் சாமான் லொறிகள் தடையின்றி ஓடத் தொடங்கின. 2022இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்குத் தவித்தபோது அந்த ஓட்டம் திரும்பவும் தடுமாறியது. வன்னிச் சனத்துக்கு அது பழகிய தவிப்பு.

இன்று கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நகரத்தில் தனியார் கிளினிக்குகளும் உண்டு. சிக்கலான பல் என்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் பல் டொக்டர்கள் போதாது. 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்குப் போன பல் மருத்துவப் படிப்புத்தான் பல பத்தாண்டாக முழு நாட்டுக்குமே ஒரே ஊற்றாக இருந்தது. அந்த ஊற்றிலிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த சிலரின் முன் காலையில் நீண்ட வரிசை நிற்கும். "புடுங்கி விடுங்கோ டொக்டர், இந்தக் கொதி தாங்கேலாது" என்று அழாக்குறையாகச் சொல்லும் அம்மாவிடம், "பல் நல்லாயிருக்கு அம்மா, நரம்புதான் பழுது. ரெண்டு மூண்டு தரம் வந்தால் காப்பாத்தலாம்" என்று பொறுமையாகச் சொல்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பிடுங்குவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

அம்மா சம்மதித்தால், பயணத்தின் கடைசிக் கட்டம் தொடங்கும்.

பல்லுக்கொதி ஏன் இரவில் படுத்ததும் உயிரை வாங்குகிறது? பல்லின் நடுவே இரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட மிருதுவான கூழ் இருக்கிறது. சூத்தை அதைத் தொட்டதும் வீங்கும். மற்ற இடம் என்றால் தோல் விரிந்துகொடுக்கும். இங்கே சுற்றிலும் கல்போன்ற சுவர், வீங்க இடமில்லை. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடும், நெருக்கமும் கூடும். கடைசியில் அந்தக் கூழ் செத்துக் கிருமிக்கு உணவாகும். வேரின் நுனியால் சீழ் எலும்புக்குள் இறங்கும். சிகிச்சை என்பது அந்தச் செத்த கூழை வழித்தெடுத்து, குழாயைக் கழுவி, மறுபடி கிருமி குடியேற இடமில்லாமல் அடைப்பது. கீழ்க் கடவாய்ப்பல்லில் பெரும்பாலும் வேர் இரண்டு, குழாய் மூன்று.

விறைக்க ஊசி போட்டபின், எச்சில் உள்ளே போகாதபடி பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்பு மாட்டவேண்டும். 1864இல் பார்னம் என்ற அமெரிக்கர் தந்த முறை இது. ஆசியாவின் தோட்ட இறப்பருக்கு முதல் வீடுகளில் ஒன்று இலங்கையே. 1876இல் கம்பகாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட கன்றுகள். ஒரே அணுக்களில் பிறந்து இருவேறு பக்கம் திரும்பிய இரண்டு பாலும் இந்த நாற்காலியில் சந்திக்கின்றன, ஒன்று டொக்டரின் கையுறையாகவும் விரிப்பாகவும், மற்றது வேருக்குள் போகும் குச்சியாகவும்.

பிறகு மெல்லிய அரங்கள். குச்சிக்குள்ள அதே இலக்கமும் நிறமும் அரத்துக்கும் உண்டு. சிவப்பு அரம் செதுக்கிய இடத்தில் சிவப்புக் குச்சி பொருந்தும். ஒவ்வொரு அரத்துக்கும் இடையில் சோடியம் ஹைப்போகுளோரைற்றால் கழுவவேண்டும். முதலாம் உலகப்போரில் ஹென்றி டாக்கின் 1915இல் வீரர்களின் அழுகிய புண்களைக் கழுவப் பயன்படுத்திய திரவம் அது. எரிசோடாவும் குளோரினும் சேர்ந்தால் கிடைக்கும். இந்த இரண்டையும் ஒரு காலத்தில் எங்கே செய்தார்கள்? கிளிநொச்சி நகரத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரில், பரந்தனில். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் நாட்டுக்கே கொடுத்தது. 1980களின் நடுவில் போரில் மூடிப்போனது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் பேரில் குளோரின் வெளிநாட்டிலிருந்து வந்தது. தன் மண்ணின் உப்பிலிருந்து தானே செய்திருக்கக்கூடிய கழுவுநீரை ஒரு மாவட்டம் போத்தலில் வரவழைப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கழுவிய குழாய்க்குள் ஒரு கிழமை இரண்டு கிழமை கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசையை வைத்து மூடுவதும் உண்டு. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பின் தூய வடிவம்தான். அது கிருமியைக் கொல்லும். நோ அடங்கி, சீழ் நின்றபின், அடைக்கும் நாள் வரும்.

அன்று டொக்டர் இழுப்பறையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுப்பார். கட்டாபெர்ச்சாவைச் சூட்டில் அவித்துக் கிருமி நீக்க முடியாது, உருகிவிடும். அதனால் ஹைப்போகுளோரைற்றில் ஒரு நிமிடம் தோய்ப்பார். வன்னி வெயிலில் நெடுநாள் கிடந்த குச்சி வளையாமல் முறியும், முறிந்தால் எறியவேண்டியதுதான். நல்ல குச்சியை இடுக்கியால் பிடித்து வேருக்குள் இறக்குவார். நுனி வேரின் முடிவுக்கு அரை மில்லிமீற்றரோ ஒரு மில்லிமீற்றரோ முன்னால் நிற்கவேண்டும், தாண்டக்கூடாது. எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடு சரியாக வந்தால், நாக ஒட்சைட்டும் யூஜினோலும் குழைத்த பசையைப் பூசி இறுதியாக வைப்பார். யூஜினோல் கிராம்பின் சாரம். அம்மம்மா நசித்துக் கடிக்கத் தந்த அதே கிராம்பு, இம்முறை நோவை மறைக்க அல்லாமல் பல்லைக் காக்க உள்ளே போகிறது. பக்கவாட்டில் கூரான கருவியால் நெருக்கி, கிடைத்த இடைவெளியில் இன்னும் சில மெல்லிய குச்சிகளைச் செருகுவார். சூடாக்கிய கருவியால் தலையை அறுத்தெடுப்பார். நிறம் பூசிய தலைகள் தட்டில் விழும். மிச்சம் இருட்டுக்குள் தங்கிவிடும்.

அடைத்தபின் பல்லின்மேல் கப் என்ற மூடி போடவேண்டும். இந்த இடத்தில் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நோ போய்விட்டது, "அருவி வெட்டு முடியட்டும், பிறகு போய்க் கப் போடுவம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சூத்தையும் துளையும் தின்ற பல்லின் சுவர் மெலிந்து நிற்கிறது. ஒரு கச்சான், ஒரு எலும்புத் துண்டு, அது நெடுக்காகப் பிளக்கும். வேரோடு பிளந்த பல்லை எந்த டொக்டராலும் ஒட்ட முடியாது. பிளக்காவிட்டாலும் தற்காலிக அடைப்புத் தேய்ந்து எச்சில் கசிந்தால் கிருமி மறுபடி இறங்கும். அப்போது யூக்கலிப்ரஸ் எண்ணெய் போன்ற கரைப்பானால் கட்டாபெர்ச்சாவைக் குழைத்து, அரத்தில் சுற்றித் துண்டு துண்டாக வெளியே இழுத்து, முழு வேலையையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு முதல் தடவையைவிடக் கூட நேரம் எடுக்கும், வெற்றி வாய்ப்பும் குறையும். ஆகவே கப்புக்குத் திகதி தந்தால், காலபோகமோ சிறுபோகமோ, அந்தக் கிழமையே போய்விடுங்கள்.